அண்ணன் பெரியாளான வருஷம்

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் கால்வலி என்றால் நல்ல சேதி. சாயங்காலம் அண்ணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்தால் நைனாவின் முகம் தெளிந்துவிடும். "வலிக்குதாடா?" என்று கேட்பார். "வலிக்குது நைனா" என்று அண்ணன் சொன்னால், வறட்சியில் மழை பெய்ததுபோல் தலையை ஆட்டிக்கொள்வார்.

அதற்குக் காரணம் ஒரு தொட்டி.

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி இருந்த, தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் நைனா வேலை செய்தார். முதலில் வெகுகாலம் சுண்ணாம்புத் தொட்டியில். மயிர் கழலுவதற்காகத் தோலைச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அதிலே நின்று நின்று நைனாவின் பாதங்கள் வெந்துபோயிருந்தன. விரலிடுக்கில் புண் ஆறவே ஆறாது. பிறகு மேஸ்திரி இரக்கப்பட்டு அவரைப் பட்டைத் தொட்டிக்கு மாற்றினார். ஆவாரம்பட்டை ஊறிய தண்ணீரில் இறங்கி நின்று தோல்களைப் புரட்டிப் புரட்டிப் போடுகிற வேலை. எரிச்சல் கிடையாது. ஆனால் பாரம் ஜாஸ்தி. நைனாவுக்கு அதற்கும் பலம் குறைந்துகொண்டு வந்தது. அவர் இடத்தில் அண்ணன் இறங்கவேண்டும் என்பது வீட்டில் எல்லோரும் பேசாமலே செய்துகொண்ட முடிவு.

அண்ணனுக்குப் பதினான்கோ பதினைந்தோ வயது. ஷாப்பில் பட்டை அள்ளிப்போடுவது, தோல் காயப்போடுவது என்று சில்லறை வேலை செய்துகொண்டிருந்தான். பெரியாள் கணக்கில் சேரவேண்டுமானால் மேஸ்திரியின் பரீட்சையில் தேறவேண்டும். பரீட்சை சுலபமானது. காலித் தொட்டியில் பையனை இறக்கி நிற்கவைப்பார். நெஞ்சுக்குழி தொட்டியின் விளிம்புக்கு மேலே தெரிந்தால் அவன் பெரியாள். தெரியாவிட்டால் பையன். மேஸ்திரி கொடுமைக்காரர் இல்லை. முன்னொரு காலத்தில் குள்ளமான ஒரு பையன் தோல் வழுக்கித் தொட்டிக்குள்ளே போய்விட்டானாம். அதைப் பார்த்ததிலிருந்து அவர் இந்த விஷயத்தில் யார் சிபாரிசையும் கேட்பதில்லை.

அண்ணனை ஒருமுறை இறக்கிப் பார்த்தார். கழுத்துத்தான் தெரிந்தது. "ஒனக்கு இது கெணறாட்டம் கீதுடா. வளந்துட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

அண்ணனும் வளரத்தான் செய்தான். அந்த வெயில் காலத்தில் வேட்டி கணுக்காலுக்கு மேலே ஏறியது. சாயங்காலமானால் இரண்டு கெண்டைக்காலிலும், முழங்காலுக்குப் பின்னாலும் வலி. அம்மா வேப்பெண்ணெயைச் சுடவைத்து நீவிவிடுவாள். நீவ நீவ அண்ணன் சுகத்தில் கண்ணை மூடிக்கொள்வான். காலையில் எழுந்தால் வலி இருந்த இடம் தெரியாது. ஆற்று மணலில் எல்லோருக்கும் முன்னால் ஓடுவான்.

அம்மாவின் தம்பி, என் மாமா, பக்கத்து வீட்டில் இருந்தார். அவரும் அதே ஷாப்பு. எதையும் தோலை வைத்தே பேசுகிறவர். "காலு நீளுதுக்கா. ஆணியடிச்சி இழுத்துக் கட்டின தோலு கணக்கா. வலிக்காம இன்னா பண்ணும்?" என்பார்.

நைனா அண்ணனை வாசற்படி நிலையில் சாய்த்து நிற்கவைத்து, தலைக்கு மேலே சுண்ணாம்பால் ஒரு கோடு போடுவார். கோடு ஏறிக்கொண்டே போனது. நானும் போய் நிற்பேன். என் கோடு அசையாமல் அதே இடத்தில் இருந்தது. அண்ணனுக்கு வலி இருந்தது, எனக்கு இல்லை. இதைவிடத் தெளிவான கணக்கு வேறு என்ன வேண்டும்? நானும் ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்து அம்மாவிடம் காலை நீட்டினேன். மறுநாளும் நீட்டினேன்.

"எந்தக் காலுடா?" என்றான் அண்ணன்.

காட்டினேன்.

"நேத்து எடது காலுன்ன. இன்னிக்கு வலது காலா? வலி எடம் மாறுதாடா ஒனக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் காலில் ஒரு தட்டுத் தட்டி, "போடா கள்ளா, ஒனக்கும் வரும் போ" என்றாள்.

மழைக்காலம் தொடங்கிய புதிதில் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சோறு விழுங்க முடியவில்லை. காய்ச்சலும் இருந்தது. அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். சரியாகிவிட்டது. அந்தத் தொண்டைவலியை நாங்கள் யாரும் நினைவில்கூட வைத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்கு வீடு குழந்தைகளுக்குத் தொண்டை கட்டியிருந்த காலம் அது.

கொஞ்ச நாள் போனபிறகு ஒரு காலையில் அண்ணன் பாயிலிருந்து எழுந்திருக்கவில்லை. வலது முழங்கால் வீங்கி, தொட்டால் அடுப்பிலிருந்து இறக்கிய பானைபோல் சுட்டது. அம்மா வழக்கம்போல எண்ணெயைக் கையில் தேய்த்துக்கொண்டு வந்து தொட்டாள். அண்ணன் போட்ட சத்தத்தில் மாமா அவர் வீட்டிலிருந்து ஓடிவந்தார். கால்மேல் போர்வை படுவதைக்கூட அவனால் தாங்கமுடியவில்லை.

அம்மாதான் முதலில் சொன்னாள். "இது அந்த நோவு இல்ல. அது புடிச்சிவுட்டா சொகமா கீதும்பான். இது தொட்டாலே அலர்றான். அது காலைல போய்டும். இது காலைலதான் வந்துகீது."

நைனா கேட்கவில்லை. "ஒரேடியா வளர்றான். நோவு ஜாஸ்தியாத்தான் இருக்கும்" என்றார்.

ஆனால் அவருக்கும் உள்ளே பயம் இருந்திருக்கவேண்டும். இல்லாவிட்டால் பட்டைத் தொட்டியை நினைத்திருக்கமாட்டார்.

இதைத் தோல் வேலை தெரியாதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். பச்சைத் தோல் ஷாப்புக்கு வரும்போது துவண்டு, நாறி, இரண்டு நாள் விட்டால் புழுத்துப்போகும் நிலையில் வரும். அதே தோல் பட்டைத் தண்ணீரில் கிடந்து வெளியே வந்தால் கெட்டிப்பட்டிருக்கும். பிறகு அழுகவே அழுகாது. கையில் கத்தி பட்டால் ஷாப்புக்காரர்கள் எல்லோரும் போய்ப் பட்டைத் தண்ணீரில்தான் கையை வைப்பார்கள். காயம் சுருங்கி உலர்ந்துவிடும். நைனா தன் ஆயுளில் கண்ணால் கண்ட அதிசயம் இது ஒன்றுதான். கோயிலில்கூட அவர் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

"செத்த தோலையே கெட்டியாக்குது. உசுரோட கீற எலும்ப ஆக்காதா?" என்று கேட்டார். மாமாவுக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும் பட்டது.

வெள்ளிக்கிழமை ஷாப்புக்கு விடுமுறை. முதலாளி தொழுகைக்குப் போய்விடுவார். மேஸ்திரியிடம் கேட்டு, பழைய பட்டைத் தண்ணீர் இருந்த ஓரத் தொட்டி ஒன்றை வாங்கிக்கொண்டார்கள். மாமாவும் நைனாவும் அண்ணனைக் கைமேல் உட்காரவைத்துத் தூக்கிப்போனார்கள். பின்னால் நான் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது. கருப்பட்டித் தண்ணீர் நிறத்தில் தொட்டி அசையாமல் கிடந்தது.

நைனா முதலில் இறங்கி நின்று அண்ணனை வாங்கிக்கொண்டார். இடுப்புவரை தண்ணீர். அண்ணனுக்குப் பல் கிட்டியது.

"நல்லா ஊறுடா. ஒன்ன எடுத்து, ஓரம் வெட்டி, கட்டுல வெச்சி மெட்ராசுக்கு அனுப்பிடலாம்" என்றார் மாமா. எங்கள் தோலெல்லாம் மெட்ராசுக்குப் போய் அங்கிருந்து கப்பலேறும்.

"அனுப்பு மாமா. நான் சீமைக்கே போய்டறேன்" என்றான் அண்ணன். வலியோடு சொன்னாலும் சிரித்துக்கொண்டுதான் சொன்னான். கடைசியாக அவன் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

மறுநாளும் இறக்கினார்கள், ஷாப்பு முடிந்தபிறகு. அதற்கடுத்த நாளும். முழங்கால் வீக்கம் வடிந்தது! அண்ணன் காலை மடக்கி நீட்டிக் காட்டினான். நைனா தெருவில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். அம்மாகூட அந்த முழங்காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

பிறகு இடது கணுக்கால் வீங்கியது.

"எறங்குது பாரு" என்றார் நைனா. முழங்காலில் இருந்த வலி கீழே இறங்கிப் பாதம் வழியாக வெளியே போகப்போகிறது என்பது அவருடைய எண்ணம். வலது காலிலிருந்து இடது காலுக்கு எப்படி இறங்கியது என்று யாரும் கேட்கவில்லை. திரும்பவும் தொட்டி. கணுக்கால் வடிந்தது. வலி மணிக்கட்டுக்குப் போயிற்று. தண்ணீருக்குள் இருக்கமுடியாமல் மேலே ஏறி ஓடப்பார்க்கிறது என்றார் நைனா. ஒரு சட்டியில் பட்டைத் தண்ணீர் கொண்டுவந்து கையையும் அதிலே வைக்கச்சொன்னார்.

நான் அண்ணன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, "வலி எடம் மாறுதாடா ஒனக்கு?" என்று அவன் குரலிலேயே கேட்டேன். பழிக்குப் பழி. அண்ணன் சட்டியிலிருந்து கையை எடுக்காமல் என்னைப் பார்த்தான்.

கடைசியில் மணிக்கட்டும் வடிந்தது. ஒரு நாள் காலையில் உடம்பில் எங்கேயும் வலி இல்லை. காய்ச்சல் இல்லை. அண்ணன் எழுந்து நடந்தான். இடுப்புக்குக் கீழேயும் கையிலும் மட்டும் தோல் பழுப்பேறிப் பதனிட்ட நிறத்தில் இருந்தது. அது எத்தனை தேய்த்தாலும் போகவில்லை. நைனா நிலையில் சாய்த்துக் கோடு போட்டார். கோடு எகிறியிருந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் கறி.

அதே வாரம் மேஸ்திரி காலித் தொட்டியில் இறக்கினார். அண்ணன் நின்றான். நெஞ்சுக்குழி விளிம்புக்கு மேலே தெரிந்தது. "தேறிட்டடா" என்றார் மேஸ்திரி. "ஒதுங்குங்கப்பா, பெரியாளு வர்றாரு" என்று மாமா ஷாப்பே அதிரக் கத்தினார். நைனா அன்றைக்குத் தொட்டியிலிருந்து ஏறியவர் பட்டை இடிக்கிற வேலைக்கு மாறிக்கொண்டார். அவர் நின்ற இடத்தில் அண்ணன் நின்றான்.

நானும் அண்ணனும் ஒரே பாயில் படுப்போம். அண்ணன் பெரியாளானபிறகு நான் ஒரு விளையாட்டைக் கண்டுபிடித்தேன். விடியற்காலையில் அவன் மல்லாந்து கிடக்கும்போது, இடது மார்பின்மேல் ஒரு புளியங்கொட்டையை வைப்பேன். கொட்டை துள்ளும். நிஜமாகவே துள்ளும். சில நேரம் உருண்டு கீழே விழும். என் மார்பில் வைத்துப் பார்த்தால் கல்மாதிரி கிடக்கும். நானும் பெரியாளானால் எனக்கும் துள்ளும் என்று இருந்தேன். "போதும்டா, எட்றா" என்பான் அண்ணன். சத்தமாகச் சொல்ல அவனுக்கு மூச்சு இல்லை என்பது எனக்குப் படவில்லை. பாசமாகச் சொல்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஷாப்பில் பேச்சுக் கேட்க ஆரம்பித்தான். தண்ணீர் குடித்த தோல் இரண்டைப் புரட்டுவதற்குள் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவான். "இன்னாடா, பெரியாளாய்ட்ட மப்பா? கெழவனாட்டம் இரைக்கிற" என்று மேஸ்திரி ஏசினார். நைனாவுக்கு அவமானம். வீட்டுக்கு வந்து அவரும் ஏசினார். அண்ணன் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கத் தொடங்கினான். புளியங்கொட்டை விளையாட்டு நின்றுபோனது எனக்கு வருத்தம்.

பிறகு இரண்டு பாதமும் வீங்கின. இந்தத் தடவை வலி இல்லை. அம்மா விரலால் அழுத்தினால் பிசைந்த மாவில்போலக் குழி விழுந்து அப்படியே நின்றது.

"மறுபடியும் வந்துட்சி. வெள்ளிக்கிழம எறக்கிடலாம்" என்று நைனா துண்டை உதறித் தோளில் போட்டார்.

அம்மா வாசலில் குறுக்கே நின்றாள். அவள் நைனாவை எதிர்த்து நின்று அதற்கு முன் நான் பார்த்ததில்லை. "அவன எறக்குனா நானும் எறங்குவேன். அப்புறம் ரெண்டு பேத்தையும் சேத்துப் பதம் பண்ணிக்க" என்றாள்.

மறுநாள் ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஜட்கா வைத்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி வேலூருக்குப் போனோம். ஆஸ்பத்திரியில் என்னை வெளியே மூட்டைக்குக் காவல் வைத்துவிட்டு மூன்று பேரும் உள்ளே போனார்கள். கதவு இடுக்கில் பார்த்தேன். டாக்டரம்மா அண்ணனின் காலை ஒரு தடவை தொட்டுப் பார்த்ததோடு சரி. பிறகு குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு அவன் மார்பில் வைத்தார். வைத்த குழாயை எடுக்கவேயில்லை. இங்கே வைத்து, அங்கே வைத்து, முதுகில் வைத்து, திரும்பவும் மார்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாட்டுக் கேட்கிறவர்போல இருந்தது எனக்கு.

உள்ளே என்ன பேசினார்கள் என்பதை அம்மா பல வருஷங்கள் கழித்துத்தான் என்னிடம் சொன்னாள். முன்னால் தொண்டை கட்டியிருந்ததா, பிறகு வலி முழங்காலிலிருந்து கணுக்காலுக்கும் கைக்கும் மாறிமாறிப் போனதா என்று டாக்டரம்மா கேட்டாராம். நைனா தான் அதை விரட்டிய கதையை முழுக்கச் சொன்னாராம், கொஞ்சம் பெருமையாகவே. கேட்டுக்கொண்டிருந்த நர்சு கடைசியில் தணிந்த குரலில் சொன்னாளாம்: "அந்த நோவு வெளிய போகலைங்க. உள்ள போயிடுச்சு. மாரைப் புடிச்சிருக்கு. அப்பவே எழுப்பாம படுக்க வெச்சிருக்கணும்."

"அப்ப பட்டத்தண்ணி?" என்று நைனா கேட்டாராம்.

"அது நல்லதும் பண்ணல, கெட்டதும் பண்ணல."

நைனா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம். கெடுதல் செய்தது என்று சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார் என்று அம்மா சொன்னாள்.

ஆனால் அன்றைக்கு ஜட்காவில் திரும்பும்போது நான் கேட்டது வேறு. "கால் நோவுன்னு இட்டாந்தா மார்ல கொழா வெச்சிப் பாக்குறாங்கோ" என்று நைனா வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கால் எங்கே, மார்பு எங்கே? அம்மா அண்ணனைத் தன்மேல் சாய்த்துக்கொண்டு, மணல்மேல் சக்கரம் குதிக்கும்போதெல்லாம் அவன் மார்பைக் கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.

மருந்து கொடுத்திருந்தார்கள். பாயைவிட்டு எழுப்பக்கூடாது என்றும் சொல்லியிருந்தார்கள். அதற்குப்பிறகு அண்ணன் எழவும் இல்லை. பொங்கலுக்கு எல்லா வீட்டுக்கும் வெள்ளையடித்தார்கள். எங்கள் வீட்டுக்கு அடிக்கவில்லை. தைப்பனி இறங்கிய ஒரு விடியற்காலையில் அம்மாவின் தோளில் சாய்ந்தபடியே போய்விட்டான்.

சுடுகாட்டில் குழி வெட்டியவர்கள், பையன் என்று கேள்விப்பட்டுப் பையன் அளவுக்கு வெட்டிவைத்திருந்தார்கள். இறக்கினால் கால் கொள்ளவில்லை. முழங்கால் மடங்கி நின்றது. வேட்டிக்குக் கீழே பட்டை நிறத்தில் அந்தக் கால்கள் தெரிந்தன. மடக்கி வைத்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"மடக்காத" என்றார் நைனா. "மேல எடு. பெரியாளு அவன். பெரியாளுக்கு வெட்டு."

திரும்ப எடுத்துக் கரையில் கிடத்திவிட்டு மறுபடியும் மண்வெட்டியை எடுத்தார்கள். அவர்கள் வெட்டி முடிக்கிறவரை மாமா என்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏலகிரி மலைப் பக்கம் திரும்பி நின்றார்.

அதன்பிறகு நைனா திரும்பவும் தொட்டியில் இறங்கினார். நிலையில் அண்ணனின் கோடுகள் அப்படியே இருந்தன. வருஷா வருஷம் அம்மா நிலையைவிட்டு மற்ற இடத்துக்கெல்லாம் வெள்ளையடித்தாள். நான் மட்டும் யாரும் இல்லாத நேரத்தில் போய் நின்று பார்ப்பேன். என் தலை அண்ணனின் முதல் கோட்டுக்கு வந்தது. பிறகு இரண்டாவது கோட்டுக்கு.

ஒரு சாயங்காலம் விளையாடிவிட்டு வந்து உட்கார்ந்தேன். இரண்டு கெண்டைக்காலிலும் உள்ளேயிருந்து யாரோ இழுப்பதுபோல் வலித்தது. முதலில் புரியவில்லை. புரிந்ததும் எனக்கு உண்டான சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? அம்மா சொன்ன மாதிரியே வந்துவிட்டது. இனி நான் வளர்வேன். நைனா கரையேறுவார். அம்மா கறி சமைப்பாள்.

அம்மா அடுப்பில் களி கிண்டிக்கொண்டிருந்தாள். ஓடிப்போய், "அம்மா, எனக்கும் கால் வலிக்குதும்மா! நெஜமாத்தான். ரெண்டு காலும்" என்றேன்.

துடுப்பு அவள் கையிலிருந்து பானைக்குள் விழுந்தது. வாசலில் பாதத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த நைனா எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வலிக்கிறதா என்று அவர் கேட்கவில்லை. அம்மா எண்ணெயும் எடுக்கவில்லை. மாவுக் கையோடு என்னைப் பிடித்துக் கீழே கிடத்தி, சட்டையை மேலே தள்ளிவிட்டு, என் மார்பில் காதை வைத்தாள்.

"அங்க இல்லம்மா, கால்ல" என்றேன்.

அவள் காதை எடுக்கவில்லை. சரியாகக் கேட்கவில்லைபோலும் என்று அவள் கையைப் பிடித்து என் கெண்டைக்காலில் வைத்துக் காட்டினேன். கை நான் வைத்த இடத்தில் இருந்தது. காது மட்டும் என் மார்பில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக எதையோ தேடியது. வேலூர் டாக்டரம்மா மாதிரியே அம்மாவுக்கும் கால் எது, மார்பு எது என்று தெரியாமல் போய்விட்டதே! அவள் தலைமயிர் வேறு என் கழுத்தில் குறுகுறுத்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதடா" என்றாள் அம்மா. "கேக்கல."